க்யூஜிஐஎஸ்: புள்ளிகள் எல்லாம் தெரிகின்றன, லேபிள்கள் பாதி காணவில்லை. உதவி தேவை

ஆய்வு மாணவி:
வணக்கம். நிலத்தடி நீர் ஆய்வுக்காகக் கிணறுகளின் இருப்பிடங்களை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளி லேயராக (அடுக்காக) ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் கிணற்றின் பெயரும் ஆழமும் வர வேண்டும். லேபிள்ஸ் பகுதியில் 'சிங்கிள் லேபிள்ஸ்' தேர்ந்தெடுத்து, வேல்யூ கட்டத்தில் இப்படி எழுதினேன்:

"பெயர்" || ', ' || "ஆழம்" || ' மீ'

புள்ளிகள் ஒன்று விடாமல் வந்துவிட்டன. லேபிள்களில்தான் பாதிக்கு மேல் காணவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் சில வருகின்றன, சுருக்கினால் மறைகின்றன. வேறு சில எவ்வளவு பெரிதாக்கினாலும் தலைகாட்டுவதே இல்லை. பார்க்கச் சீராக இருக்கட்டும் என்று 'ஆஃப்செட் ஃப்ரம் பாயிண்ட்' வைத்து எல்லா லேபிளையும் வலப்பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். லேயரை நீக்கி மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டேன். அச்சுக்குப் போக வேண்டிய வரைபடம் இது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் அட்டவணையோடு ஒப்பிட முடியாது.

கணினிப் பயிற்றுநர்:
லேபிள்ஸ் பகுதியில் 'ரெண்டரிங்' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஓவர்லேப்பிங் லேபிள்ஸ்' என்பதை 'அலவ் ஓவர்லேப்' வகைக்கு மாற்றுங்கள். எல்லாம் வந்துவிடும்.

வரைபடப் பணியாளர்:
அப்படிச் செய்தாலும் எல்லாம் வராது. வருபவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, படிக்க முடியாமல் போகும். இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே தடயம் இருக்கிறது. பெரிதாக்கினால் வருபவை ஒரு வகை. வரவே வராதவை வேறு வகை. முதல் வகைக்கு இடம்தான் இல்லை. இரண்டாம் வகைக்கு எழுதுவதற்கே ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டு அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால் எது எதனால் சரியானது என்றே தெரியாது.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. லேபிள் கருவிப்பட்டையில், இடம் கிடைக்காத லேபிள்களைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. 'அன்பிளேஸ்டு லேபிள்ஸ்' என்று பெயர். அதை அழுத்தினால் இடம் கிடைக்காதவை சிவப்பில் தெரியும். சிவப்பிலும் வராத புள்ளிகள் எவை என்று குறித்துக்கொண்டு, அட்டவணையைத் திறந்து அவற்றின் வரிசைகளைப் பாருங்கள்.

ஆய்வு மாணவி:
பார்த்தேன். ஊர் நடுவே நெருக்கமாக இருக்கும் கிணறுகள் சிவப்பில் வந்தன. சிவப்பிலும் வராதவை எல்லாமே ஆழம் அளக்க முடியாமல் போன கிணறுகள். கல் பலகை போட்டு மூடியவை. உள்ளே அளவு நாடாவை இறக்க வழியில்லை. அட்டவணையில் ஆழத்தின் கட்டம் 'நல்' என்று காலியாக இருக்கிறது. ஆனால் பெயர் இருக்கிறதே, அதுவாவது வர வேண்டாமா? அங்கே 0 என்று போட்டுவிடலாமா?

வரைபடப் பணியாளர்:
தயவுசெய்து 0 போடாதீர்கள். அளக்காத கிணறும் ஆழமே இல்லாத கிணறும் ஒன்றல்ல. நாளை சராசரி ஆழம் கணக்கிடும்போது அந்தச் சுழியங்கள் விடையைக் கீழே இழுத்துவிடும். தரவைத் தொடாமல் வாய்பாட்டைத் திருத்துங்கள்.

|| என்ற இணைப்புக் குறிக்கு ஒரு குணம் உண்டு: கோக்கும் துண்டுகளில் ஒன்று 'நல்' ஆனாலும் மொத்த விடையும் 'நல்' ஆகிவிடும். அதனால்தான் பெயரும் சேர்ந்து போனது. 'கான்கேட்' செயற்கூறு அப்படியில்லை. 'நல்' துண்டை வெற்றிடமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை இணைக்கும். ஆனால் எல்லாத் துண்டுகளையும் அதற்குள் தனித்தனியாகக் கொடுத்தால், ஆழம் இல்லாத இடத்திலும் காற்புள்ளியும் 'மீ'யும் தொங்கும். இரண்டையும் கலந்து எழுதுங்கள்:

கான்கேட்("பெயர்", ', ' || "ஆழம்" || ' மீ')

ஆழம் இருந்தால் "வடக்குக் கிணறு, 14 மீ" என்று வரும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் || அந்தத் துண்டை முழுதாக 'நல்' ஆக்கிவிடும். "வடக்குக் கிணறு" மட்டும் நிற்கும். செயற்கூற்றின் பெயரை மட்டும் concat என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற நில அளவையர்:
இடப் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன், அம்மா. 'ஆஃப்செட் ஃப்ரம் பாயிண்ட்' வைத்தால் லேபிளுக்கு ஒரே ஒரு இடம்தான். அங்கே இன்னொரு பெயர் நின்றால் இது விலக வழியில்லை; விட்டுவிடும். 'பிளேஸ்மென்ட்' பகுதியில் 'கார்ட்டோகிராஃபிக்' முறைக்கு மாற்றுங்கள். அது வலது மேல், இடது மேல், வலது கீழ், இடது கீழ் என்று வரிசையாக ஒவ்வொரு மூலையாகத் தேடும். தேர்ந்த வரைபடங்களில் பெயர் முதலில் வலது மேல் மூலையில் நிற்பதும் இந்த மரபில்தான். கையால் மை ஊற்றி வரைந்த நாட்களிலும் நாங்கள் அப்படித்தான் இடம் பார்ப்போம். குறிகள் சிறிதும் பெரிதுமாக இருந்தால், இடைவெளியைப் புள்ளியிலிருந்து அளக்காமல் 'ஃப்ரம் சிம்பல் பவுண்ட்ஸ்' என்று வையுங்கள். பெரிய வட்டத்தின்மேல் எழுத்து ஏறாது.

இதற்குப் பிறகும் மிஞ்சுபவற்றைக் கையால்தான் நகர்த்த வேண்டும். லேபிள் நகர்த்தும் கருவியைத் தொட்டதும் தனித்துவப் புலம் (ஒவ்வொரு கிணற்றையும் தனித்துக் காட்டும் அட்டவணை நெடுவரிசை) எது என்று மென்பொருள் கேட்கும். தானாக வரும் வரிசை எண்ணைக் கொடுக்காமல் உங்கள் கிணற்று எண்ணையே கொடுங்கள். கோப்பை மறுபடி ஏற்றுமதி செய்யும்போது வரிசை எண் மாறக்கூடும். மாறினால் ஒரு கிணற்றின் லேபிள் இடம் இன்னொரு கிணற்றுக்குப் போய்விடும்.

அச்சு வரைபடத்தின் அளவுவிகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு நகர்த்துங்கள். 1:25,000 என்றால் அதே விகிதத்தில் திரையை வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்திய இடம் நில ஆயத்தொலையாகத்தான் சேமிக்கப்படுகிறது. 1:5,000க்குப் போனால் பெயர் புள்ளியை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும். தள்ளி வைத்தே ஆக வேண்டிய பெயர்களுக்குக் 'கால்அவுட்ஸ்' பகுதியைத் திறந்து இணைப்புக்கோடு போடுங்கள். 3.10 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

ஆய்வு மாணவி:
ஐயா, எல்லாப் பெயர்களும் வந்துவிட்டன. ஊர் நடுவே இருந்த சிலவற்றுக்கு மட்டும் இணைப்புக்கோடு தேவைப்பட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று: இதே கோப்பை ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவு வடிவத்துக்கு மாற்றி என் ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினேன். அவர் கணினியில் தமிழ்ப் பெயர்கள் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றனவாம். எழுத்துரு இல்லாததுதான் காரணமா?

வரைபடப் பணியாளர்:
எழுத்துரு இல்லையென்றால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு எழுத்தாக மாறினால் அது குறியாக்கக் கோளாறு, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமித்த முறை ஒன்று, படிக்கும் முறை வேறு. ஷேப்ஃபைல் என்பது பல கோப்புகளின் தொகுப்பு; குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பு அனுப்பும்போது விடுபட்டிருக்கலாம். அவர் லேயரின் 'சோர்ஸ்' பகுதியில் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

ஆனாலும் தமிழுக்கு ஷேப்ஃபைல் வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் புலப்பெயர் (அட்டவணை நெடுவரிசையின் தலைப்பு) 10 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. "பெயர்" என்ற சொல்லுக்கே 15 ஆகிறது. புலப்பெயர் வெட்டுப்பட்டால் உங்கள் வாய்பாடும் அங்கே வேலை செய்யாது. ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு தரவு வடிவத்தில் அனுப்புங்கள்: ஒரே கோப்பு, யூடிஎஃப்-8, பெயர் வெட்டுப்படாது.

பிடிஎஃப் எடுக்கும்போதும் கவனியுங்கள். ஏற்றுமதிப் பெட்டியில் எழுத்தை 'பாத்ஸ்' ஆக ஏற்றுமதி செய்யும் தேர்வை வையுங்கள். எழுத்துகள் வடிவங்களாகவே பதிவதால், அச்சகத்தில் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் புள்ளியும் இடம் மாறாது. பிடிஎஃப்பில் பெயரைத் தேட முடியாது என்பது ஒன்றுதான் குறை.