மறு: ‘விளிம்புக் குவியத் தொலைவு’ வேண்டாம், ‘பதிதொலைவு’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

லென்சு ஒட்டி உட்காரும் கேமரா முகத்திலிருந்து உள்ளே பிலிம் அல்லது உணரி (சென்சார்) வரை உள்ள அளவுக்கு ஐயா முன்வைத்த ‘விளிம்புக் குவியத் தொலைவு’ நம் கேமராக் கையேட்டில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ‘ஃபிளாஞ்சு ஃபோகல் டிஸ்டன்ஸ்’ என்பதை வரிசை மாறாமல் தமிழில் வைத்தால் இதுதான் கிடைக்கும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே குழப்பமானது. அதன் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

யாருக்காக இந்தக் கையேடு? பெரியப்பாவின் பீரோவில் கிடந்த பழைய லென்சைத் தன் சிறிய ஆடியிலாக் கேமராவில் மாட்டிப் பார்க்க நினைக்கும் மாணவருக்காக. (மிரர்லெஸ்சைத்தான் சொல்கிறேன். ‘ஆடியிலா’ என்றால் ஆவணியில் படம் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கேலி தானாக ஓய்ந்துவிடும், சொல் நல்ல சொல்.) கையில் இருப்பது ஜெனித் கேமராவுடன் வந்த ஹீலியோஸ் 44-2 என்றும், கேமரா மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நாளே அவர் முன்னால் வரிசையாக எண்கள் வந்து நிற்கும். லென்சின் குவியத் தொலைவு 58 மி.மீ. அது சிறிய உணரியின் முன் 116 மி.மீ. லென்சின் பார்வைக் கோணத்தைத் தரும். பின்புற மரையின் விட்டம் 42 மி.மீ. முன்னால் வடிகட்டி மாட்டும் மரை 49 மி.மீ. பழைய கேமராவுக்குரிய நம் அளவு 45.46, புதிய கேமராவுக்குரியது 19.25, இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 26.21 மி.மீ. பொருத்து வளையத்தின் (அடாப்டர்) தடிமன். அத்தனையும் மில்லிமீட்டர். இவற்றில் இரண்டுக்கு நாம் ‘குவியத் தொலைவு’ என்று முடியும் பெயர்களை வைத்துவிட்டால் மாணவர் எதைப் பிடிப்பார்?

இது வெறும் அச்சம் இல்லை. கேமராவின் நடுக்கத்தடுப்பு சரியாக இயங்க, பழைய லென்சின் குவியத் தொலைவைக் கேமராவின் அமைப்புப் பட்டியலில் (மெனு) நாமே கொடுக்க வேண்டும். அங்கே 58 என்று கொடுக்க வேண்டும், 116 என்று கொடுக்கக் கூடாது. இப்போதே 116 கொடுத்துவிட்டுப் படம் ஏன் ஆடுகிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இனி 45.46 கொடுக்கிறவர்களும் வருவார்கள்.

அடுத்தது ‘விளிம்பு’. லென்சின் விளிம்பைத் தொட்டுக்காட்டு என்றால் யாரும் முன்பக்கத்தைத்தான் தொடுவார்கள். நாம் பேசுவதோ பின்பக்கம், லென்சும் கேமராவும் ஒட்டி உட்காரும் உலோக முகம். தவிர, கைக்குவிப்பு (மேனுவல் ஃபோகஸ்) அதிகாரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. குவிந்த இடங்களின் ஓரங்களைத் திரையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மினுக்கிக் காட்டும் வசதிக்கு ‘விளிம்பொளிர்வு’ என்று சென்ற மாதம்தான் பெயர் வைத்தோம். அங்கே விளிம்பு என்பது படத்தில் உள்ள பொருளின் விளிம்பு. ஒரே அதிகாரத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாம்.

> லென்சை ஈறிலாத் தொலைவுக்குக் (இன்ஃபினிட்டி) குவித்த நிலையில் பிம்பம் விழும் தளம் வரைதானே அளக்கிறோம்? ‘குவிய’ என்ற அடை இல்லாவிட்டால் இயற்பியல் எங்கே போயிற்று?

ஐயா கேட்பது நியாயம். ஆனால் இந்த அளவு கேமரா உடலுக்கு உரியது. அதே கேமராவில் 28 மி.மீ. லென்சை மாட்டினாலும் 135 மி.மீ. லென்சை மாட்டினாலும் 19.25 மாறாது. குவியத் தொலைவோ லென்சுக்கு உரியது. உடலின் குணத்துக்கு லென்சின் பெயரை வைக்கப் போய்த்தான் இவ்வளவு தொல்லை.

பழைய கேமராக்களில் இந்த அளவு ஏன் பெரிதாக இருந்தது என்பதைக் கையேடு விரிவாகவே சொல்ல வேண்டும். லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே எழும்ப இடம் வேண்டும். அந்த இடத்துக்காக நிக்கான் எஃப் 46.5 வைத்தது, ஒலிம்பஸ் ஓஎம் 46, கேனான் எஃப்டி 42. கண்ணாடி போனதும் இடமும் சுருங்கியது. 2008இல் வந்த பானசோனிக் ஜி1 முதல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் 19.25, 2010 முதல் சோனி ஈ கேமராக்களில் 18. மிச்சமான இடத்தை ஒரு வெற்று வளையம் நிரப்பிவிடுகிறது. உள்ளே லென்சு எதுவும் தேவையில்லை. முன்பு எல்லாக் கேமராவிலும் அப்படி இல்லை. 42 மி.மீ. மரை லென்சைக் கேனான் இஎஃப் கேமராவில் (44) மாட்ட 1.46 மி.மீ. தடிமனுள்ள வளையம் போதும். அதே லென்சை நிக்கானில் மாட்டினால் அளவு 1.04 மி.மீ. எதிர்ப்பக்கம் போய்விடும். வளையத்துக்குள் திருத்தும் லென்சு ஒன்றை வைக்காமல் தூரத்தில் இருப்பது தெளியவே தெளியாது.

இனி பட்டறை. இணையத்தில் மலிவாக வாங்கிய வளையம் ஒன்றைப் புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். கடைசல்காரர் அதை முதலில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு வெர்னியரை எடுத்துச் சுற்றிலும் நான்கு இடங்களில் கடித்துப் பார்த்து, சுண்ணக்கட்டியால் மேசையிலேயே எழுதினார்: 26.30, 26.32, 26.30, 26.34. இருக்க வேண்டியது 26.21. தடிமன் கூடுதல் என்பதோடு, ஒரு பக்கம் சாய்வும் இருந்தது. “முகம் சரியாகப் பதியவில்லை” என்று சொல்லிவிட்டு, முதலில் ஒரு முகத்தை நேராக்கி, அதை ஆதாரமாக வைத்து மறு முகத்தைச் சீவினார். மாலையில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து யானைமலையைப் பார்த்தேன். முன்பு கூழாகத் தெரிந்த பாறை முகட்டில் வெடிப்புகள் கோடு கோடாக வந்துவிட்டன.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குவியத் தொலைவின் இருமடியைக் கூடுதல் தடிமனால் வகுத்தால், அந்த லென்சு எட்டக்கூடிய அதிகபட்சத் தூரம் ஏறக்குறையக் கிடைக்கும். 0.1 மி.மீ. கூடினால் 58 மி.மீ. லென்சு 33 மீட்டரோடு நின்றுவிடும். 28 மி.மீ. லென்சின் கதி இன்னும் மோசம், 8 மீட்டர்கூட எட்டாது. திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்று எதிர்ப்பக்கத் தூண் வரிசையை எடுக்க முடியாது. லென்சின் துளையை (அபர்ச்சர்) எஃப்/8க்குச் சுருக்கினால் குறை ஓரளவு மறையும், முழுதாகத் திறந்தால் வெளியே வந்துவிடும். இதற்குப் பயந்துதான் வளையம் செய்கிறவர்கள் பலர் தடிமனைக் கொஞ்சம் குறைத்தே செய்கிறார்கள். அப்போது ஈறிலாத் தொலைவு எட்டிய பிறகும் லென்சின் குவிப்பு வளையம் இன்னும் சற்றுத் திரும்பும், லென்சின் மேல் பொறித்த தூர எண்கள் பொய் சொல்லும், ஆனால் படம் கிடைக்கும். இரண்டு குறைகளில் இது தேவலை.

கடைசல்காரர் சொன்ன வினையைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். கதவு நிலையில் பதியவில்லை, மூடி வாயில் பதியவில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். லென்சு கேமராவில் பதியும் முகம் ‘பதிமுகம்’. அங்கிருந்து உணரி வரை உள்ள அளவு ‘பதிதொலைவு’. மறுமுனையில் இருக்கும் உணரியின் மேல் நிகழ்வதும் படம் பதிவதுதான். ஒரு முனையில் லென்சு பதிகிறது, இன்னொரு முனையில் படம் பதிகிறது. இரண்டையும் ஒரே வினை தாங்குகிற இந்த வசதியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

‘பதித்தொலைவு’ என்று வல்லினம் மிக வேண்டாமா என்று ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். வேண்டாம். வாழ்நாள், ஊறுகாய் போல இது வினைத்தொகை, ஒற்று மிகாது. மிகுத்து எழுதினால் பதி பெயர்ச்சொல்லாகி, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே உள்ள தூரம் என்று யாராவது பொருள் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
புதூரிலிருந்து

------

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

‘விளிம்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் 19.25 மில்லிமீட்டரைத் ‘தொலைவு’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. மேலும் குவியத் தொலைவோடு குழம்பக் கூடாது என்று சொல்லிவிட்டு அதே ‘தொலைவு’ என்ற ஈற்றை வைத்திருக்கிறீர்கள். கேமராவின் வாயிலிருந்து உள்ளே உணரி வரை அளப்பதால், கிணற்றுக்குச் சொல்வதுபோல ஆழம் என்றே சொல்லலாமே? ‘பதியாழம்’. பழைய கேமரா ஆழமானது, புதியது ஆழம் குறைந்தது, குறைந்த ஆழத்தை வளையம் ஈடுகட்டுகிறது. மாணவர்களுக்கு ஒரே வரியில் விளங்கிவிடும்.

திருமங்கலத்திலிருந்து

------

தம்பிக்கு,

விளக்கம் அருமை. அந்த ஒரே வரியை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம், ‘புல ஆழம்’ (டெப்த் ஆஃப் ஃபீல்ட், குவித்த இடத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் அளவு). துளையைச் சுருக்கினால் புல ஆழம் கூடும் என்பதை அதே பக்கத்தில்தான் சொல்லப் போகிறோம். தடிமன் தவறிய வளையத்தின் குறையை மறைப்பதும் அந்தப் புல ஆழம்தான். ‘பதியாழப் பிழையைப் புல ஆழம் மறைக்கும்’ என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் மூச்சுத் திணறிவிடுவார். ‘தொலைவு’ ஈற்றில் அந்த அளவு ஆபத்து இல்லை. குவியத் தொலைவையே பள்ளிப் பாடநூலில் சென்டிமீட்டரில்தான் படித்தோம், அப்போது நாக்கு கூசவில்லையே.

ஐயாவின் இயற்பியல் கவலைக்காக ‘ஈறிலாத் தொலைவு’ விளக்கத்திலேயே வந்துவிடுகிறது. பதிவு இப்படி இருக்கட்டும்:

பதிதொலைவு: கேமராவின் பதிமுகத்திலிருந்து பிலிம் அல்லது உணரியின் தளம் வரை உள்ள அளவு. கேமரா வகைக்கு ஏற்ப மாறும், மாட்டும் லென்சுக்கு ஏற்ப மாறாது. ஈறிலாத் தொலைவுக்குக் குவித்த லென்சு இந்தத் தளத்தில் தெளிவான பிம்பத்தைத் தரும்படி செய்யப்பட்டிருக்கும். பொருத்து வளையத்தின் தடிமன் = லென்சுக்கு உரிய கேமராவின் பதிதொலைவு − மாட்டப்போகும் கேமராவின் பதிதொலைவு.

வளையத்துக்குப் ‘பொருத்து வளையம்’ நிலைக்குமா, ‘தகவி’ வருமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். மின் இணைப்போடு வரும் வளையங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவற்றுக்கு வெறும் ‘வளையம்’ போதாது.