தேடிய படம் இல்லாதபோது வரும் பட்டியல்: என்ன சொல்லலாம்?

வணக்கம். ஓடிடி தேடலில் பயனர் கேட்கும் படத்துக்குச் சில நேரம் உரிமம் இருக்காது. அப்படியொரு படம் உண்டு என்பது செயலிக்குத் தெரியும். அதே நடிகர், அதே இயக்குநர், அதே வகை எனக் கைவசம் உள்ளவற்றை எடுத்துக் காட்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆய்வாளர்கள் 2019இல் தங்கள் தேடலைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இந்தச் சிக்கல் வருகிறது. 'ஃபால்பேக் ரிசல்ட்ஸ்' என்கிறார்களே, அதற்கு 'மாற்று முடிவுகள்' சரிவருமா?

*

> மாற்று முடிவுகள்

வேண்டாம் ஐயா. பொத்தானில் போட்டால் 'முடிவுகளை மாற்று' என்ற கட்டளையாகிவிடும். 'அண்மை முடிவுகள்' என்றால் அண்மையில் பார்த்தவையோ என்று நினைப்பார்கள். 'பதிலி' ஏற்கெனவே புராக்ஸிக்கு (இணையத்தில் நமக்காக இடையில் நிற்கும் வழங்கிக்கு) போய்விட்டது.

சொல்லுக்கு முன் எல்லையைப் பிரித்துக்கொள்வோம். படம் இருக்கிறது, பயனர் பிழையாகத் தட்டினார்: அது திருத்தம். படம் உலகில் உண்டு, நம்மிடம் இல்லை: நாம் பேசுவது இது. தட்டியது எதனோடும் பொருந்தவில்லை: வெற்று முடிவு. மூன்றையும் ஒரே திரையில் கலந்தால், கேட்ட படம் பட்டியலில் எங்கோ இருக்கிறது என்று பயனர் உருட்டிக்கொண்டே போவார்.

*

இங்கே இலங்கையில் கணிதத்தில் 'பிரதியீடு' என்கிறோம். ஆனால் செயலித் திரைக்கு அது கனம்.

திருத்தம் பற்றி ஒன்று. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் தானியங்கிப் பிழை அளவில் 2 குறி வரையுள்ள சொல்லில் பிழைக்கு இடமில்லை, 3 முதல் 5 வரை ஒன்று, அதற்குமேல் இரண்டு. அது எண்ணுவது யூனிகோட் (கணினி எழுத்துக் குறியீட்டு முறை) குறிகளை, நம் எழுத்துகளை அல்ல. 'பால்' நமக்கு 2 எழுத்து, அதற்கு 4 குறி. ஒரு துணைக்கால் போனால் 'பல்'லும் பொருத்தமாகிவிடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள தரவுப் புலத்துக்குப் பிழை எல்லையை நாமே எழுத்துக் கணக்கில் வைக்கவேண்டும். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். சுட்டியிடும்போதும் (பெயர்களைத் தேடலுக்காகப் பட்டியலிடும்போதும்) தேடும்போதும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், இருக்கிற படமே இல்லை என்று வரும். அப்போது இந்தப் பட்டியலே பொய்.

*

அரசு அலுவலகங்களில் 'ஈடுசெய் விடுப்பு' பழகிய சொல். அந்த வழியில் 'ஈடுசெய் முடிவுகள்' எனலாம். வினைத்தொகை, கட்டளையாக ஒலிக்காது. கேட்டது இல்லை, அதற்கு ஈடாக இது என்ற பொருளும் நிற்கிறது.

*

ஏற்கலாம், ஆனால் ஆவணத்துக்கும் நிரலாளர் பேச்சுக்கும் மட்டும். பார்ப்பவருக்குக் கலைச்சொல்லே வேண்டாம், வாக்கியம் போதும். படப் பெயர் வந்து அமரும் இடத்தோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள்; '-ஐப் போன்றவை' என்று வைத்தால் பாதிப் பெயர்களில் புணர்ச்சி கெடும். பெயரை எழுவாயாகவே விடுங்கள்: "'…' எங்களிடம் இல்லை. இதைப் போன்றவை:" தொடருக்கும் படத்துக்கும் இதே வரி பொருந்தும்.