தைராய்டு மாத்திரையும் கால்சியமும்: நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. பல வருடமாகத் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் எடுக்கிறார். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். (இது கூடினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம்) எப்போதும் 3-ஐ ஒட்டியே இருக்கும். போன வாரம் பார்த்தால் 9.2! மருந்துக் கடை அண்ணனிடம் புலம்பியபோது, "வேற என்ன மாத்திரை போடுறாங்க?" என்றார். அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாகக் கால்சியம் மாத்திரையையும், மறந்துவிடக் கூடாதென்று, தைராக்ஸினோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்ஸினை உடம்பில் சேரவிடாதாம். 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம்.

சரி, கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டோம். காபிதான் பிரச்சினை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றால் சண்டைக்கு வருகிறார். யாராவது டாக்டரிடம் கேட்டுத் தைராக்ஸினை இரவுக்கு மாற்றியிருக்கிறீர்களா? ஒத்துவந்ததா?

அப்புறம், முடி கொட்டுகிறதென்று அக்கா வாங்கித் தந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வேறு. அது தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்ட வைக்குமாம். உங்கள் லேபில் எத்தனை நாள் முன்பு நிறுத்தச் சொன்னார்கள்?

டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை டோஸில் கை வைக்க மாட்டோம். அவரிடம் வேறென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.