சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டடம்: கட்டும்போது உங்களுக்கு என்ன நடந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். புது வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி கட்ட வேண்டும் என்று ஆர்கிடெக்டிடம் சொன்னதும் சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி என்று பேசுவார் என நினைத்திருந்தேன். அவரோ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த அறை எதற்கு, இந்த இரண்டாவது ஹாலில் யார் உட்காரப்போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கடுப்புதான். ஆனால் அவர் சொன்ன காரணம் சரியாகத்தான் இருந்தது. உலகத்தில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது, அதிலும் பாதிக்கு மேல் சூளையில் எரிக்கும் எரிபொருளால் இல்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கிளம்புவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். முதலில் கட்டடத்தைச் சுருக்குவோம், பேனல் அப்புறம் என்றார். இரண்டாவது ஹால் போயே போய்விட்டது.

சுவருக்கு ரேட் ட்ராப் (எலிப்பொறி) முறை, ஆர்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கியது. செங்கல்லைப் படுக்கப் போடாமல் குத்தாக நிறுத்துவார்கள், சுவரின் நடுவில் இடைவெளி விழும். 9 அங்குலச் சுவர் 9 அங்குலமாகவே இருக்கும், செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், சாந்தும் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெயில் சூட்டை ஓரளவு தடுக்கும். கொத்தனார் முதல் வரி வைத்ததும் “இது நிக்குமா சார்?” என்று கையால் தள்ளிப் பார்த்தார். நிற்பதில் ஒரு சிக்கலும் இல்லை, சிக்கலெல்லாம் சாந்தில்தான். பழகின கைவேகத்தில் கரண்டியால் அள்ளிப் போட்டால் பாதி அந்த இடைவெளிக்குள் விழுந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் காற்றும் இல்லை, மிச்சமும் இல்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடைவெளி அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் வெட்டி, அதை மேலே வைத்து மூடிக்கொண்டு சாந்தைப் பரப்பி, சட்டத்தை உருவிவிட்டு அடுத்த வரியை வைத்தார். கதவு ஜன்னல் ஓரங்களிலும் லிண்டலுக்கு அடியிலும் இடைவெளி விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். கரண்ட் பைப் எங்கெங்கே போகிறது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுங்கள், கட்டி முடித்தபின் காடி எடுத்தால் நிறுத்தி வைத்த செங்கல் உடைந்து பொந்தாகிவிடும்.

*

நான் பார்த்தது நேர் எதிர். எங்கள் ஆபீஸ் கட்டடம் பசுமைச் சான்றிதழ் வாங்கியது, வாசலிலேயே பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி! சாயங்கால வெயில் தாழ்வாக வரும், மேலே நீட்டிய சன்ஷேடு அதற்குப் போதாது, செங்குத்தான தடுப்போ வெளியே மரமோ வேண்டும். இரண்டும் கிடையாது. அதனால் மதியத்துக்கு மேல் திரையை எல்லாம் இறக்கிவிட்டு, பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். திரை உள்பக்கம் இருந்து பெரிதாக என்ன பயன், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாகிவிட்டதே.

இதைச் சொன்னால் உடனே ஜிம்பாப்வே நாட்டின் ஹராரேயில் 1996-இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தை உதாரணம் காட்டுவார்கள். மிக் பியர்ஸ் வடிவமைத்தது, வழக்கமான ஏசி இல்லாமல் இரவுக் காற்றை உள்ளே ஓட்டிக் கான்கிரீட்டைக் குளிர வைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியை எடுத்துக்கொள்கிறது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரவு நன்றாகக் குளிரும். இரவிலும் புழுங்கும் ஊரில் அதை அப்படியே காப்பி அடித்தால் விசிறிதான் ஓடும், குளிர்ச்சி வராது.

*

சைட்டில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அது நிதானமாகத்தான் வலு ஏறும். ஆரம்பத்தில் கொஞ்சம் பின்தங்கித் தெரியும், 28 நாள் தாண்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்ததாரருக்கோ தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கைப் பிரித்து அடுத்த தளத்துக்குக் கொண்டுபோக அவசரம். கான்கிரீட் கட்டியை நசுக்கி வலு பார்க்கும் கியூப் டெஸ்ட் முடிவு வரட்டும் என்று நான், வாடகை ஏறுகிறதே என்று அவர், தினமும் இதே சண்டை. தண்ணீரும் கூடுதல் நாள் காட்ட வேண்டும், சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றால் இதற்கு 10 நாளாவது. லீவு நாளில் யாரும் தண்ணீர் விடாமல் தளம் காய்ந்து போவதைப் பார்த்தபின் ஈரச்சாக்கு போட்டு மூட ஆரம்பித்தோம், அதில் தண்ணீரும் மிச்சமானது.

*

குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடத் தனிக் குழாய் போட்டோம். பிளம்பருக்கு எல்லாவற்றையும் ஒரே லைனில் இணைத்தால்தான் நிம்மதி, தரை மூடுவதற்கு முன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தண்ணீரை இதில் விடவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துவிடும்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்த இடைவெளிச் சுவரில் கனமான அலமாரி மாட்டினால் போல்ட் பிடிக்குமா?

*

வெறும் இடைவெளியில் மாட்டினால் பிடிக்காது. அலமாரி, கீசர், வாஷ்பேசின் வரும் இடங்களை முன்பே சுவரில் குறித்துக் கொடுத்து, அங்கே மட்டும் உள்ளே கான்கிரீட் போட்டு நிரப்பச் சொன்னோம். நிரப்பிய இடங்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பூசியபின் கண்டுபிடிக்க முடியாது.