கயல் எஸ்.ஏ.டி. எழுத வேண்டுமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

செந்தில்: அக்கா, கயல் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் விண்ணப்பிக்க நினைப்பவை பெரும்பாலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள்தான். அங்கே சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்னும்போது, அதற்கென்று கோடை விடுமுறையை ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கிறாள். எனக்கும் நியாயமாகவே படுகிறது.

மாலதி: பார்ப்பதில்லை என்பது சரிதான், அந்தத் தேர்வைக் கைவிடுவதென்று 2020-இலேயே தீர்மானித்துவிட்டார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2025 நவம்பரில் வெளியான அறிக்கையை நீ படித்தாயா? உயர்நிலைப் பள்ளிக் கணக்கே கைவராத நிலையில் வந்து சேரும் முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 30 மடங்காகி, எட்டில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அவர்களில் பலர் பள்ளியில் கணக்குப் பாடத்தில் மிக உயர்ந்த தரமான ‘ஏ’ வாங்கியவர்கள்.

தாத்தா: அடிப்படையே தெரியாத பிள்ளைக்கு ‘ஏ’ எதற்காகக் கொடுத்தார்கள்?

கயல்: அத்தை, தேர்வை நீக்கியதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? கொரோனா காலத்தில் கணக்கு வகுப்பு முழுவதும் கணினித் திரையில்தான் நடந்தது. தவிர, பணம் உள்ளவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போய் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்கிறார்கள் என்பதும் உண்மைதானே?

மாலதி: நல்ல கேள்வி. அந்த அறிக்கையும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. கொரோனா, தேர்வு நீக்கம், பள்ளிகள் தாராளமாக வழங்கும் மதிப்பெண், வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து கூடுதலான சேர்க்கை என்று எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. பணம் இருப்பவருக்கு அனுகூலம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கட்டுரை, கூடுதல் செயல்பாடுகள் எல்லாவற்றிலும் அதே பணம்தான் பேசுகிறது. மதிப்பெண்ணை அனுப்புவதும் விடுவதும் மாணவர் விருப்பம் என்றிருந்த காலத்தைப் பற்றி டார்ட்மத் கல்லூரி ஆராய்ந்தபோது, வசதியற்ற பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் 1600-க்கு 1400-ஐ ஒட்டிய மதிப்பெண் வாங்கியும், அது போதாதென்று நினைத்து அனுப்பாமல் விட்டது தெரியவந்தது. அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அது உதவியிருக்கும். அதனால்தான் 2024 பிப்ரவரியில் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எம்.ஐ.டி. அதற்கு முன்பே, 2022-இல் கொண்டுவந்துவிட்டது. ஹார்வர்டு 2024 ஏப்ரலில் அறிவித்தது. பயிற்சி மையக்காரர்களுக்கு இதெல்லாம் கொண்டாட்டம், அது வேறு கதை.

செந்தில்: அப்படியானால் ஆகஸ்ட் தேர்வுக்குப் பதிவு செய்துவிடட்டுமா அக்கா?

மாலதி: அவசரப்படாதே. கல்லூரிக்காக இல்லாவிட்டாலும், தன் ‘ஏ’ எவ்வளவு தாங்கும் என்பதை அவள் முதலில் தெரிந்துகொள்ளட்டும். எஸ்.ஏ.டி. எழுதுவதற்கான புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2 மணி 14 நிமிடம் ஒதுக்கினால் போதும். கயல், உண்மைத் தேர்வில் அந்தச் செயலியிலேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம். இந்த முறை மட்டும் அதைத் திறக்காமல் எழுதிப் பார்.

(ஞாயிற்றுக்கிழமை)

கயல்: எழுதிவிட்டேன் அத்தை. இருபடிச் சமன்பாடுகளில் சிக்கல் இல்லை. ஆனால் விகிதம், சதவீதம் என்று வந்த கணக்குகளில் ஐந்து தவறு. அதிலும் ஒன்றில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து இதையெல்லாம் கால்குலேட்டர்தான் எனக்காகச் செய்துவந்திருக்கிறது போலிருக்கிறது. அப்பா, பதிவுக் கட்டணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

தாத்தா: வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் அம்மா. ஏன் என்று நாளை மாலை சொல்கிறேன், காகிதமும் பேனாவும் எடுத்து வை.