பராமரிப்பாளர் பயிற்சிக்கு அரச உதவி கிடைக்குமா? தங்கைக்காகக் கேட்கிறேன்

சாவகச்சேரி அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை க.பொ.த. உயர்தரத்தைக் கலைப்பிரிவில் எழுதினாள். பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. பாரிசவாதம் வந்து படுக்கையிலேயே இருந்த எங்கள் அம்மம்மாவை இரண்டு வருடமாக அவள்தான் பார்த்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, கடைசிவரை அம்மம்மாவின் முதுகில் ஒரு புண்கூட வரவிடவில்லை. இந்த வேலைதான் தனக்குச் சரி என்று இப்போது உறுதியாகச் சொல்கிறாள். தாதியர் கல்லூரிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்பதால் அந்த வழி இல்லை.

யாழ்ப்பாணம் நகரில் உள்ள ஒரு தனியார் நிலையம் ஆறு மாதப் பராமரிப்பாளர் பயிற்சிக்கு 85,000 ரூபா கேட்கிறது. முற்பணமாக 10,000 ரூபாவை வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் கட்டினால்தான் இடம் என்கிறார்கள். அப்பா கூலி வேலை செய்கிறார். வீட்டுக்கு அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் இருக்கும் மச்சாள், அங்கே எட்டு வாரம் முதல் பதினைந்து வாரத்துக்கு உட்பட்ட பயிற்சிகளுக்கும் 2026 யூலை 1 முதல் பெல் என்ற அரச நிதியுதவி கிடைக்கும் என்று சொன்னார். இங்கே அப்படி ஏதும் உண்டா? மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாமா? பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அரசிடம் கேட்டால் தருவார்களா?

ஓய்வுபெற்ற பயிற்சி ஆசிரியர் எழுதியது:

தங்கைச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தனியார் நிலையத்தில் கட்டிய பணத்தைப் பின்னர் அரசிடம் கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தில் ஒரு சதமும் கட்ட வேண்டாம். மகாபொல பல்கலைக்கழக மாணவருக்கானது. 2017 இல் தொடங்கிய வட்டியற்ற மாணவர் கடனும், அரசு சாராத நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்கே கிடைக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் பயிற்சிக்கு இவை இரண்டும் பொருந்தா.

எங்கள் நாட்டில் இந்த உதவி வேறு உருவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பணம் மாணவரின் பெயரில் ஒதுக்கப்படுகிறது, அவர் தகுதிபெற்ற நிலையமொன்றைத் தெரிவுசெய்கிறார். இங்கேயோ அரசு தன் பயிற்சி நிலையத்தை நடத்தி, அங்கே சேர்பவருக்குக் கட்டணத்தை நீக்கியோ குறைத்தோ, சில பாடநெறிகளுக்கு வரவைப் பொறுத்து மாதக் கொடுப்பனவும் தந்து உதவுகிறது. எனவே உதவி வேண்டுமென்றால் நீங்கள் தேட வேண்டியது அரச நிலையத்தில் ஓர் இடத்தையே. தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஆகிய மூன்றிலும் விசாரியுங்கள். மூன்றாவது சபையில் வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்ந்து பழகும் முறையும் உண்டு. கையில் காசில்லாத பிள்ளைக்கு அது பல வேளைகளில் நல்ல வழி. எந்தப் பாடநெறி எந்த நிலையத்தில் எந்த மாதம் தொடங்குகிறது என்பது ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரை நேரில் சந்தியுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிடத் தங்கையையும் கூட்டிக்கொண்டு, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், அஸ்வெசும கிடைப்பதற்கான அத்தாட்சி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று ஆகியவற்றோடு போவது நல்லது. போக்குவரத்துச் செலவுக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பேருந்துப் பருவச்சீட்டையும் மறக்காமல் கேளுங்கள்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு விடயம். வேலை தருபவர் பார்ப்பது தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. அதில் ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவே இதை மேற்பார்வை செய்கிறது. ஒரு நிலையம் அந்த ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பது ஒன்று, அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது இன்னொன்று. பதிவு இலக்கத்தை வாசலில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பாடநெறியின் அங்கீகாரத்தை.

கோண்டாவில் பராமரிப்பாளர் எழுதியது:

ஐயா சொன்ன அந்தக் கடைசி வேறுபாட்டை நான் 2019 இல் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் போனேன், நன்றாகவே படிப்பித்தார்கள், பொன்னிற முத்திரை பதித்த சான்றிதழும் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் வைத்தியசாலையின் நேர்முகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அம்மா சான்றிதழின் மேல் விரலை வைத்து என்.வி.கியூ. இலச்சினையைத் தேடினார். இல்லை. நிலையம் பதிவு பெற்றது, நான் படித்த பாடநெறி அங்கீகாரம் பெறவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அழுதேன்.

பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து மூன்று வருடம் வேலை செய்தேன். அங்கே வந்த ஓர் உத்தியோகத்தர்தான் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருப்பதைச் சொன்னார். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மறுபடியும் வகுப்புக்குப் போகாமல், தம் திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் முறை அது. இல்லத்துக் கடிதம், நான் எழுதிவந்த பராமரிப்புக் குறிப்புகள், இரத்த அழுத்தப் பதிவேட்டின் பிரதிகள் எல்லாவற்றையும் கோப்பாக்கிக் கொடுத்தேன். மதிப்பீட்டு நாளில், கட்டிலில் இருப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொன்னார்கள். நான் முதலில் குனிந்து இரண்டு சில்லுகளின் தடையையும் பூட்டினேன். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். தூக்கும் விதத்தைவிட அதைத்தான் அவர் காத்திருந்து பார்த்தார் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. நோயாளியிடம் "அம்மா, இப்ப எழும்பப் போறம்" என்று சொல்லாமல் தொட்டிருந்தால் அதற்கும் குறைத்திருப்பார்கள்.

தங்கை அம்மம்மாவைப் பார்த்த இரண்டு வருடத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். கடிதம் தர வேலைத்தளம் இல்லாததால் அதை மட்டும் வைத்து முன்கற்றல் அங்கீகாரம் கேட்பது கடினம். ஆனால் பயிற்சிக்கான நேர்முகத்தில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டியதை அவள் அப்படியே சொல்லட்டும். படுக்கைப் புண் வராமல் பார்ப்பது இத்தொழிலின் பாதி.

கொக்குவில் மாணவன் எழுதியது:

யப்பானுக்குப் போக ஆயத்தம் செய்பவன் என்ற முறையில் ஒரு தகவல். 2019 இல் யப்பான் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. அதற்குப் பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான யப்பானிய மொழிப் பரீட்சை, அதோடு யப்பானிய மொழித் திறன் பரீட்சையின் என்4 மட்டம் அல்லது அதற்கு நிகரான அடிப்படை மொழிப் பரீட்சை ஆகியவற்றில் சித்தியடைய வேண்டும். "எங்கள் சான்றிதழ் இருந்தால் வெளிநாடு நிச்சயம்" என்று எந்த நிலையம் சொன்னாலும், எந்த நாடு, எந்தப் பரீட்சை என்று திருப்பிக் கேளுங்கள். முகவர் ஊடாகப் போவதானால் அவருடைய அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்க வேண்டும்.

மச்சாள் சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. சேர்ந்தவர்களில் 70 வீதத்தினராவது பயிற்சியை முடித்திருக்க வேண்டும், முடித்தவர்களில் 70 வீதத்தினராவது வேலை பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே ஒரு பாடநெறி அந்த உதவிக்குத் தகுதிபெறுவதற்கான நிபந்தனைகள். அந்த இரண்டு கேள்விகளையும் யாழ்ப்பாணத்து நிலையத்திடமும் கேட்கலாமே: கடந்த அணியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

சாவகச்சேரி அக்கா எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. இன்று காலை நாங்கள் இருவரும் பிரதேச செயலகம் போய் வந்தோம். உத்தியோகத்தர் ஒரு மணித்தியாலம் இருந்து பேசினார். அடுத்த ஆட்சேர்ப்புக்கான விண்ணப்பப் படிவத்தைத் தந்து, பயிலுநர் முறைக்கும் தங்கையின் பெயரைப் பதிந்துகொண்டார். தனியார் நிலையத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். பாடநெறியின் தர அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டதும், பொறுப்பாளர் வந்ததும் அழைக்கிறோம் என்றார்கள். மாலை ஆறு மணியாகிவிட்டது, இன்னும் அழைக்கவில்லை. 10,000 ரூபாவைக் கட்டப்போவதில்லை.

ஒரேயொரு சந்தேகம்: அழைப்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாமாம். அதுவரை அவள் என்ன செய்யலாம்?

கோண்டாவில் பராமரிப்பாளர் எழுதியது:

வீட்டுக்கு அருகில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில், பொறுப்பாளரிடம் கேட்டு, கிழமையில் மூன்று நாளாவது தொண்டராக நிற்கட்டும். முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் திகதி, நேரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, பக்கத்துக்குப் பக்கம் பொறுப்பாளரின் கையொப்பத்தை வாங்கிவைக்கட்டும். நான் அந்தக் கொப்பியை ஒரு வருடம் பிந்தித் தொடங்கினேன். கோப்புத் தயாரிக்கும்போது அந்த ஒரு வருடத்துக்குக் காட்ட என்னிடம் எதுவும் இருக்கவில்லை.