கிட்ஹப்பா, ஜிராவா? ஏழு பேர் குழுவுக்கு எது சரிப்படும்?

கோத்தகிரி_டெவ்:
வணக்கம். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடை தராசிலிருந்து நேராகக் கணினியில் ஏறும், மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று கணக்கு வரும். கோடு (நிரல்) எழுதுபவர்கள் ஐந்து பேர். தொழிற்சாலைக்குப் போய் நிறுவிக் குறை கேட்டு வருபவர்கள் இரண்டு பேர். இப்போதைக்குக் கோடு பகிர்வு ஃபோல்டரில் ஜிப்பாக இருக்கிறது, குறைகள் வாட்ஸ்அப் குரூப்பில். கோடைப் பகிர்ந்து வைக்கும் கிட்ஹப் தளத்தை எடுப்பதா, வேலைகளையும் குறைகளையும் பதிந்து பின்தொடரும் ஜிராவை எடுப்பதா? ஏதாவது ஒன்றைப் பழகத்தான் நேரம் இருக்கு. மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போய்விடும், அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்க.

கேத்தி_பைத்தான்:
ஒன்றுதான் என்றால் கிட்ஹப், யோசிக்கவே வேண்டாம். ஜிராவில் கோடு வைக்க இடமே கிடையாது. டிக்கெட்டோடு (ஒரு வேலை அல்லது குறையின் பதிவு) ஜிப்பை இணைக்கலாம், அவ்வளவுதான். ரெண்டு பேர் ஒரே ஃபைலில் கை வைத்தால் எந்த வரியை யார் மாற்றினார் என்று அது காட்டாது, சேர்த்தும் தராது. கிட்ஹப்பில் கோடு, இஷ்யூ (குறைப் பதிவு), புராஜெக்ட்ஸ் போர்டு (வேலைகளை அட்டைகளாக அடுக்கும் பலகை) மூன்றும் ஒரே இடம். தனிப்பட்ட ரெப்போவுக்கு (வெளியாருக்குத் தெரியாத கோடுக் களஞ்சியம்) இருந்த ஆள் எண்ணிக்கை வரம்பு 2020 ஏப்ரலோடு போயிற்று, ஏழு பேரும் இலவசம்.

ஒருவரின் சொந்தக் கணக்கில் ரெப்போவைத் திறக்காதீங்க. அதில் சேர்க்கிற எல்லாருக்கும் எழுதும் உரிமை போய்விடும், பிரித்துக் கொடுக்க வழியில்லை. இலவச ஆர்கனைசேஷன் (குழுவுக்கான பொதுக் கணக்கு) ஒன்றைத் திறந்து அதற்குள் வையுங்க. அங்கே உரிமையில் ரீட் (பார்க்க மட்டும்), ட்ரையாஜ் (இஷ்யூக்களைக் கையாளலாம், கோடை மாற்ற முடியாது), ரைட், மெயின்டெய்ன், அட்மின் என்று ஐந்து படி உண்டு.

கமிட் (சேமித்த ஒரு மாற்றம்) செய்தியிலோ புல் ரிக்வெஸ்ட்டிலோ (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) 'ஃபிக்சஸ் #12' என்று ஆங்கிலத்தில் எழுதினால், அது மெர்ஜ் ஆனதும் (கோடோடு சேர்ந்ததும்) 12-ஆம் இஷ்யூ தானாக மூடும். ஆனால் டீஃபால்ட் பிராஞ்சுக்கு (கோடின் முதன்மைக் கிளை, வழக்கமாக 'மெயின்') வந்தால்தான் மூடும். டெவலப் என்று தனி பிராஞ்ச் வைத்து அதில் மெர்ஜ் செய்துவிட்டு 'மூடவில்லையே' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

மலைரயில்_லினக்ஸ்:
மேலே சொன்னது சரி, ஒன்று விட்டுப்போச்சு. கிட்ஹப் இலவசத் திட்டத்தில் தனிப்பட்ட ரெப்போவுக்கு பிராஞ்ச் பாதுகாப்பு கிடையாது. எழுதும் உரிமை உள்ள யார் வேண்டுமானாலும் நேராக மெயினுக்குப் புஷ் பண்ணலாம் (தன் மாற்றத்தை ஏற்றலாம்). தடுக்கணும் என்றால் டீம் திட்டம், ஆளுக்கு மாதம் 4 டாலர். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் இலவசத்திலேயே அந்தப் பாதுகாப்பைத் தருது, ஆனால் தனிப்பட்ட குழுவில் ஐந்து பேருக்கு மேல் ஏற்காது. அதே வகைத் தளமான பிட்பக்கெட்டும் இலவசத்தில் ஐந்து பேர்தான். நீங்க ஏழு. அதனால் கிட்ஹப்பில் இருந்துகொண்டு, மெயினில் மெர்ஜ் பண்ணுகிற வேலையை ஒரே ஆளிடம் விடுங்க. ஐந்து பேருக்கு அந்தக் கட்டுப்பாடு போதும்.

ஜிராவை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். ஒரு வேலை எந்த வரிசையில் நகரணும் என்று கட்டாயப்படுத்த அதுதான் லாயக்கு. உதாரணமாக, தொழிற்சாலைத் தராசில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் 'முடிந்தது' என்று மாற்ற முடியும், அதையும் இன்னார் மட்டும்தான் மாற்றலாம் என்று விதி வைக்கலாம். கிட்ஹப் போர்டில் அட்டையை யாரும் எங்கும் இழுத்துப் போடலாம். ஜிரா பத்துப் பேர் வரை இலவசம். பின்னால் சேர்த்தாலும் கிட்ஹப்போடு இணைக்கலாம், கமிட்டில் டிக்கெட் எண்ணை எழுதினால் டிக்கெட்டிலேயே கமிட் தெரியும். எண்ணின் முன்னால் வரும் எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்கணும். 'ஜிராவை நம்ம ஆபீஸ் சர்வரிலேயே போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க, அந்தச் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரி 15-உடன் ஆதரவு நின்றுவிட்டது.

குன்னூர்_நெட்:
நெட் பற்றி யாரும் சொல்லலையே. நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கேபிளும் சேர்ந்து போகும். ஜிரா முழுக்க இணையப் பக்கம், லைன் போனால் திறக்காது. கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் கிட் மென்பொருள் அப்படியில்லை. கமிட், பிராஞ்ச், பழைய வரலாறு எல்லாம் உங்க கணினியிலேயே இருக்கு. லைன் வந்த பிறகு புஷ் பண்ணினால் போதும். இஷ்யூ பக்கம் மட்டும் திறக்காது.

முதல் தடவை குளோன் (ரெப்போவின் நகல்) எடுக்கும்போது பார்த்துக்குங்க. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். 'டெப்த் 1' போட்டுக் கடைசி நிலையை மட்டும் இறக்குங்க, வரலாற்றை நல்ல லைன் கிடைக்கும்போது 'அன்ஷாலோ' போட்டு எடுத்துக்கலாம். அதுவும் முடியலைன்னா ஒருத்தர் 'கிட் பண்டில்' போட்டு மொத்த ரெப்போவையும் ஒரே ஃபைலாக பென் டிரைவில் கொடுக்கலாம். அதிலிருந்தே குளோன் ஆகும்.

ரெண்டு நாள் லைன் இல்லாமல் வேலை செய்துவிட்டுப் புஷ் பண்ணினால் கிட் மறுக்கும், ஏன்னா இடையில் வேறொருவர் புஷ் பண்ணியிருப்பார். அவசரத்தில் 'ஃபோர்ஸ்' போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றினால் அவர் வேலை சர்வரிலிருந்து காணாமல் போகும். 'புல்' (அவர் மாற்றத்தை இறக்குவது) போடும்போதே 'ரீபேஸ்' (உங்க கமிட்களை அதன் மேல் அடுக்குவது) சேர்த்துப் போட்டு, பிறகு புஷ்.

கோத்தகிரி_டெவ்:
நன்றிங்க, கிட்ஹப் என்று முடிவு பண்ணியாச்சு. களத்துக்குப் போகும் இரண்டு பேருக்கும் கோடு தெரியக் கூடாது, ஆனால் குறையை அவங்களே பதியணும். முடியுமா? பழைய ஜிப்களை என்ன செய்வது?

கேத்தி_பைத்தான்:
அதே ஆர்கனைசேஷனில் கோடே இல்லாத இன்னொரு தனிப்பட்ட ரெப்போவைத் திறங்க. அவங்களுக்கு அதில் மட்டும் ட்ரையாஜ் உரிமை. ஃபோனில் கிட்ஹப் ஆப் போதும். இஷ்யூவுக்கு ஒரு டெம்ப்ளேட் வையுங்க: தொழிற்சாலை, தராசு மாடல், மென்பொருள் பதிப்பு, திரையில் வந்த எடை, தராசு காட்டிய எடை. கடைசி ரெண்டும் இல்லாமல் வரும் 'எடை தப்பு' என்ற புகாரை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. படம் 10 எம்பிக்குள் இருக்கணும். கமிட்டில் வெறும் #12 போட்டால் கோடு ரெப்போவின் 12-ஐத்தான் பிடிக்கும், குறை ரெப்போவின் 12 வேணும்னா எண்ணுக்கு முன்னால் ஆர்கனைசேஷன் பெயர், சாய்கோடு, ரெப்போ பெயர் மூன்றையும் சேர்த்து எழுதணும்.

பச்சை இலை விலை மாறியதற்கெல்லாம் இஷ்யூ திறக்காதீங்க. மாதாமாதம் மாறுகிற விலை கோடுக்குள் இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்க.

மலைரயில்_லினக்ஸ்:
ஜிப்களை அப்படியே ஏற்ற வேண்டாம். தேதி வாரியாக அடுக்கி, பழையதிலிருந்து ஒவ்வொன்றாக விரித்து, ஒரே ஃபோல்டரில் மாற்றி மாற்றிப் போட்டு கமிட் பண்ணிக்கிட்டே வாங்க. ஒவ்வொரு தடவையும் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு விரிக்கணும், இல்லைன்னா நீக்கப்பட்ட பழைய ஃபைல்கள் ஒட்டிக்கொண்டே வரும். காலி செய்யும்போது ஒளிந்திருக்கும் புள்ளி-கிட் (.git) ஃபோல்டரைத் தொட்டால் அதுவரை செய்தது அத்தனையும் போச்சு.

முதல் கமிட்டுக்கு முன்னாலேயே கிட்இக்னோர் ஃபைலை (எந்த ஃபைல்களைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல்) எழுதிடுங்க. டேட்டாபேஸ் பேக்கப், பாஸ்வேர்ட் ஃபைல், விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் உள்ள எக்செல் எதுவும் உள்ளே வரக் கூடாது. தப்பித் தவறி வந்து, அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்ட் என்றால் உடனே மாற்றிடுங்க. 100 எம்பிக்கு மேல் ஒரு ஃபைல் அப்படி மாட்டினால் புஷ்ஷே போகாது, 'அதான் அழிச்சுட்டேனே' என்றாலும் கேட்காது. அந்த கமிட்டையே எடுத்துவிட்டுத் திரும்பப் போடணும்.